அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத இளைப்பு என் மகனுக்கு ஏன்? வளரும் இடத்துக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு கேள்வி

காட்பாடிவாசி:

வணக்கம். நானும் என் அக்காவும் ஒடுகத்தூருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர்கள். அக்கா பக்கத்து ஊரிலேயே மணமாகி, நான்கு கறவை மாடுகளும் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளும் உள்ள வீட்டில் இருக்கிறார். நான் திருமணத்துக்குப் பிறகு காட்பாடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில் வசிக்கிறேன். அக்காவின் பிள்ளைகள் இருவரும் தவழத் தொடங்கிய நாளிலிருந்தே மாட்டுக் கொட்டகையில் புரண்டவர்கள்; கையில் சாணி, வாயில் மண் என்றுதான் அவர்களுடைய இளம்பருவப் புகைப்படங்களே இருக்கின்றன. என் மகனை நான் அப்படி விடவில்லை. பால் புட்டியைக் கொதிநீரில் போட்டெடுப்பது, தரையை நாளுக்கு இரண்டு முறை கிருமிநாசினி ஊற்றித் துடைப்பது என்று முதல் இரண்டு ஆண்டுகள் மிகுந்த கவனத்துடன் வளர்த்தேன்.

இப்போது அவனுக்கு வயது ஆறு. ஐப்பசி மழை தொடங்கினால் மாசி வரை தும்மலும் இளைப்பும் மாறி மாறி வருகின்றன. நெபுலைசர் வீட்டிலேயே இருக்கிறது. தோல் சோதனையில் வீட்டுத் தூசுப் பூச்சிக்கும் கரப்பான் பூச்சிக்கும் ஒவ்வாமை என்று தெரிந்தது. அக்காவின் பிள்ளைகளுக்குச் சளி பிடிப்பதுண்டு, ஆனால் இளைப்பு என்பது ஒருமுறைகூட வந்ததில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நாங்கள் வளர்க்கும் லாப்ரடார் நாய் இரண்டு ஆண்டுகளாகப் பாதங்களை நக்கிக்கொண்டும் காதைச் சொறிந்துகொண்டும் இருக்கிறது. அதற்கும் ஒவ்வாமைதான் என்று கால்நடை மருத்துவர் கூறிவிட்டார். அக்கா வீட்டு வாசலில் கிடக்கும் நாட்டு நாய்க்கு அப்படி எதுவும் இல்லை.

"சுத்தம் பார்த்துப் பார்த்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாய்" என்கிறார் என் மாமியார். இரண்டு வீடுகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, இது தற்செயல் என்கிறார் என் கணவர். வாழும் இடம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கூருணர்வை உண்மையிலேயே மாற்றுகிறதா? அப்படியானால், வரும் கோடை விடுமுறையில் மகனை அக்கா வீட்டில் இரண்டு மாதம் விட்டு வைத்தால் பயன் உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

அம்மா, மனிதர்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளில் பணியாற்றிய காலத்தில் மாடுகளிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியின் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

உண்ணிகள் பரப்பும் காய்ச்சல் நம் பகுதியில் புதிதல்ல. உண்ணி நிறைந்த ஊரில் பிறக்கும் கன்று, தாயிடம் குடித்த சீம்பாலின் பாதுகாப்பும் இளம் வயதுக்கே உரிய தாங்கும் தன்மையும் இருக்கும் முதல் சில மாதங்களிலேயே, பபீசியா என்னும் இரத்த ஒட்டுண்ணியைச் சிறிதளவு சந்தித்துவிடுகிறது. காய்ச்சல் வந்ததுகூடத் தெரியாமல் அது கடந்துபோய், பிறகு வாழ்நாளின் பெரும்பகுதிக்கும் அந்த நோய் அதை வீழ்த்துவதில்லை. ஆனால் உண்ணியே இல்லாத பண்ணையில் சிமெண்டுத் தரையில் வளர்ந்த கலப்பினப் பசுவை, நல்ல விலை கொடுத்து ஒருவர் வாங்கி வந்து அதே ஊரில் கட்டினால், சில வாரங்களில் சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறத்தில் போக, பசு படுத்துவிடும். இனமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே கலப்பினத்தில் உள்ளூரில் பிறந்த கன்றுகள் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு கிருமியை எப்போது முதன்முதலாகச் சந்திக்கிறோம் என்பது அதைச் சந்திக்கிறோமா இல்லையா என்பதைப் போலவே முக்கியமானது.

இது தொற்றுநோய், ஒவ்வாமை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வாமைக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு குதிரைகளில் இருக்கிறது. ஐஸ்லாந்துத் தீவில் குதிரைகளைக் கடிக்கும் கியூலிகாய்டஸ் என்னும் பொடி ஈக்கள் நெடுங்காலம் இருந்ததில்லை. அந்நாட்டுக் குதிரைகளை வளர்ந்த பிறகு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தால், அந்த ஈ மிகுந்த இடங்களில் சில ஆண்டுகளுக்குள் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் கடுமையான தோல் ஒவ்வாமை வந்து, பிடரி மயிர் உதிரும் அளவுக்குத் தேய்த்துக்கொள்கின்றன. அதே இனக் குதிரை ஐரோப்பாவிலேயே பிறந்து, குட்டியாக இருக்கும்போதே ஈக்கடி பட்டு வளர்ந்தால், பத்தில் ஒன்றுக்குக்கூட அந்த நோய் வருவதில்லை. இனம் ஒன்று, ஈ ஒன்று, முதற்கடி வாங்கிய வயது மட்டும் வேறு. இதைப் படித்த நாளிலிருந்து, பரம்பரைதான் எல்லாம் என்று பேசுபவர்களிடம் நான் வாதிடுவதை விட்டுவிட்டு இந்தக் குதிரைக் கதையை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் நாயைப் பற்றி: லாப்ரடாருக்கு இந்தத் தோல் ஒவ்வாமை வரும் போக்கு பிறப்பிலேயே கொஞ்சம் அதிகம், எனவே நாட்டு நாயுடன் ஒப்பிடுவது முழுமையான ஒப்பீடு ஆகாது. ஆயினும் பின்லாந்தில் வீட்டு நாய்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், நகரத்து நாய்களுக்கு ஒவ்வாமை அதிகமாகவும் கிராமத்து நாய்களுக்குக் குறைவாகவும் இருந்ததோடு, நாய்க்கும் அதன் உரிமையாளருக்கும் ஒவ்வாமை சேர்ந்தே காணப்படும் போக்கும் தெரிந்தது. உங்கள் வீட்டில் நடப்பதை நீங்கள் வேடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவ்வளவு வேடிக்கையானதாக எனக்குத் தோன்றவில்லை.

நுண்ணுயிரியல் ஆசிரியை:

மருத்துவர் ஐயா தொடங்கி வைத்த இடத்திலிருந்தே தொடர்கிறேன்.

இந்தச் சிந்தனைக்கு எழுத்து வடிவில் ஒரு தொடக்கம் 1989இல் கிடைத்தது. டேவிட் ஸ்ட்ராக்கன் என்னும் பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர், 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது, அண்ணன் அக்காமார் அதிகமாக உள்ள பிள்ளைகளுக்குத் தும்மலும் மூக்கொழுகலுமாக வரும் மகரந்த ஒவ்வாமை குறைவாக இருந்ததைக் கண்டார். மூத்த பிள்ளைகள் கொண்டுவரும் தொற்றுகள் இளையவர்களைக் காக்கின்றனவோ என்று அவர் எழுப்பிய ஐயமே "சுகாதாரக் கருதுகோள்" எனப் பெயர் பெற்றது. அந்தப் பெயர் இன்றுவரை ஒரு தொல்லை. கை கழுவுவதும் கழிப்பறையும் தடுப்பூசியும்தான் ஒவ்வாமைக்குக் காரணம் என்ற தவறான எண்ணத்தை அது விதைத்துவிட்டது. 2003இல் கிரகாம் ரூக் என்னும் பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் முன்வைத்த "பழைய நண்பர்கள்" என்ற பெயர் எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது: அம்மையும் காலராவும் நம்மைப் பயிற்றுவிக்கவில்லை, மண்ணிலும் கால்நடைகளிடமும் நம் குடலிலும் தொன்றுதொட்டு உடன் வாழ்ந்த, பெரும்பாலும் தீங்கற்ற நுண்ணுயிரிகளே பயிற்றுவித்தன.

இரண்டு வீடுகளை வைத்து முடிவு செய்ய முடியாது என்று உங்கள் கணவர் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் இரு வீடுகளைப் போலவே அமைந்த இரண்டு சமூகங்களை அமெரிக்காவில் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆமிஷ், ஹட்டரைட் என்னும் இவ்விரு சமூகத்தாரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய, மரபணு வழியில் நெருங்கிய உழவர்கள். உணவும் குடும்ப அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுது, வீட்டையொட்டிய தொழுவத்தில் மாடு வளர்க்கிறார்கள். பிள்ளைகள் அங்கேயே விளையாடுகிறார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணைகள் இயந்திரமயமானவை, குடியிருப்பிலிருந்து விலகியவை. ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம். 2016இல் வெளியான அந்த ஆய்வில் இரு தரப்பு வீடுகளின் தூசியையும் அளந்தபோது, பாக்டீரியாக்களின் புறச்சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் ஆமிஷ் வீட்டுத் தூசியில் 6.8 மடங்கு இருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் இட்டபோது அவற்றின் மூச்சுக்குழல் ஒவ்வாமை அடங்கியது. ஹட்டரைட் வீட்டுத் தூசி அப்படி அடக்கவில்லை. நுண்ணுயிரிகளை அடையாளம் காணும் உள்ளார்ந்த எதிர்ப்புப் பாதையை எலிகளில் செயலிழக்கச் செய்தபோது ஆமிஷ் தூசியின் பாதுகாப்பும் போய்விட்டது. தூசியில் இருக்கும் ஏதோ ஒன்று உடலின் முதல்நிலைக் காவலுக்கு இடைவிடாமல் சிறு செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அதனால் அந்தக் காவல் பதற்றமில்லாமல் இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பதற்றத்தைத் தணிக்கும் வேலையைச் செய்பவற்றுள் முக்கியமானவை, எதிர்ப்பு மண்டலம் எல்லை மீறாமல் கட்டுப்படுத்தும் வெள்ளையணுக்களான ஒழுங்குபடுத்தும் டி செல்கள். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் கிடைத்தது இந்தச் செல்கள் தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காகவே. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற பொருள்கள் இந்தச் செல்கள் பெருகத் துணைசெய்கின்றன.

ஆய்வக எலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நோய் எதிர்ப்பு பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி அவற்றிடமிருந்து வந்தது. 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு, கிருமி அண்டாத கூண்டில் வளர்ந்த ஆய்வக எலியின் எதிர்ப்பு மண்டலம் பிறந்த குழந்தையினுடையதைப் போலவும், செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய எலியினுடையது வளர்ந்த மனிதருடையதைப் போலவும் இருப்பதைக் காட்டியது. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் ஆய்வக எலிகளின் எதிர்ப்பு மண்டலமும் "வயதுக்கு வந்தது". ஆனால் அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தொற்றால் இறந்தும் போயின. பயிற்சிக்கு விலை உண்டு என்பதை மாமியார் அவர்களிடம் சொல்லும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும், ஆனால் உண்மை அவ்வளவு ஒழுங்காக இல்லை. ஆய்வக எலியின் கருவைக் காட்டெலித் தாயின் வயிற்றில் வளர்த்து, காட்டு நுண்ணுயிரிகளோடு பிறக்கச் செய்த எலிகள் உண்டு. 2006இல் லண்டனில் ஒரு புதிய மருந்தைப் பெற்ற ஆறு தன்னார்வலர்கள் உயிராபத்து நிலைக்குப் போனார்களே, ஆய்வக எலிகள் எச்சரிக்கத் தவறிய அந்த விளைவை இந்த எலிகள் சரியாகவே காட்டிக்கொடுத்தன. ஆகவே இவை நமக்கு நெருக்கமான மாதிரி என்று சொல்லலாம். ஆனால் 2023இல், இத்தகைய எலிகளுக்கு வீட்டுத் தூசுப் பூச்சியின் ஒவ்வாப்பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றுக்கும் பலமான ஒவ்வாமை அழற்சி வந்தது. காட்டு நுண்ணுயிரிகள் இருந்தாலே ஒவ்வாமை வராது என்ற எளிய சமன்பாடு அங்கே உடைந்தது.

பாலாற்றங்கரை:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆயினும் இராணிப்பேட்டையில் டேனரிக்கு (தோல் பதனிடும் ஆலைக்கு) பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அழுக்கு நல்லது" என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் எங்கள் அழுக்கு வேறு. தோல் பதனிடும் தொட்டியில் கைவைத்து வேலை செய்த என் தந்தைக்கு விரல் இடுக்குகளில் வெடிப்பும் நமைச்சலும் ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. குரோமியம் தோலினுள் ஊடுருவி அங்குள்ள புரதங்களோடு பிணைந்துகொள்ள, எதிர்ப்புச் செல்கள் அதை அந்நியனாக நினைவில் வைத்துக்கொள்கின்றன என்றும், அந்த நினைவு அழிவதில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். கொத்தனார்களுக்குச் சிமெண்டால் வரும் தோல் நோயும் இதே வகைதான். இங்கே பழகப் பழகப் பொறுத்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை. பழகப் பழகத்தான் நோய் முற்றுகிறது. காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் அப்படித்தான். ஏரிக்கரையெல்லாம் நிற்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமோ தும்மலுக்கும் இளைப்புக்கும் காரணமாகிறது. ஆகவே, சூழல் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆம்பூரான்:

நான் கிராமத்தில், எட்டு மாடுகள் கட்டிய வீட்டில் பிறந்தவன். எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா இருக்கிறது. மழையில் நனைந்த வைக்கோலைப் பிரித்தாலே மூச்சு அடைக்கும். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

நுண்ணுயிரியல் ஆசிரியை:

பாலாற்றங்கரை அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அவர் எழுதியதைப் படித்தபோது ஜெர்மனி நினைவுக்கு வந்தது. நாடு ஒன்றிணைந்த பிறகு, நிலக்கரிப் புகை சூழ்ந்த கிழக்கு நகரங்களான லைப்சிக், ஹாலே ஆகியவற்றின் பிள்ளைகளை மேற்கிலுள்ள மியூனிக் பிள்ளைகளோடு ஜெர்மன் குழந்தை மருத்துவர் எரிகா ஃபான் மூட்டியஸ் ஒப்பிட்டார். கிழக்கில்தான் ஒவ்வாமை அதிகம் இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அங்கே மூச்சுக்குழல் அழற்சி அதிகமாகவும் ஆஸ்துமாவும் மகரந்த ஒவ்வாமையும் குறைவாகவும் இருந்தன. புகை நுரையீரலைக் கெடுத்தது. ஆனால் ஒவ்வாமை என்பது புகையோடு மட்டும் கூடிக் குறையும் ஒன்றாக இல்லை. இதற்கு மறுபக்கமாக, அமெரிக்க மாநகரங்களின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில் கரப்பானும் எலியும் மலிந்திருந்தும் ஆஸ்துமா மிக அதிகம். எந்தத் தூசி என்பதே கேள்வி.

ஆம்பூரான் அவர்களுக்கு: 5.2 சதவீதம் என்றால் சுழியம் அல்ல. அந்த நூற்றில் ஐந்து பேரில் ஒருவராக எவரும் இருக்கலாம். நனைந்த வைக்கோலில் வளரும் பூஞ்சையே தனியாக நுரையீரல் நோயை உண்டாக்கக்கூடியது, எனவே அதை நுரையீரல் மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்.

நம் ஊரைப் பற்றியும் ஒரு செய்தி. சூழல் எதிர்ப்பாற்றலை மாற்றுகிறது என்பதை உலகுக்குக் காட்டிய இடங்களில் வேலூரும் ஒன்று, ஆனால் நேர்மாறான கோணத்தில். 1970களில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து கொடுத்தும் இங்குள்ள குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு எதிர்ப்பு உண்டாகவில்லை என்பதைக் காட்டினார். பின்னர் அதே கல்லூரியின் ககன்தீப் காங் குழுவினர் வேலூரின் நெருக்கடியான பகுதிகளில் 373 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் மூன்று முறை தொற்றிய பிறகும் ஓரளவு முதல் கடுமையானது வரையிலான வயிற்றுப்போக்குக்கு எதிரான பாதுகாப்பு 79 சதவீதம்தான் என்று தெரிந்தது. மெக்சிகோவில் இரண்டு தொற்றுகளே அத்தகைய நோயை முற்றிலும் தடுத்திருந்தன. அன்று அண்டை மாவட்டமாக இருந்த செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய, பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் மாபெரும் சோதனையில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் உறவினங்கள் முன்பே உடலைப் பழக்கிவிட்டதே காரணம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. ஓயாமல் கிருமிகளைச் சந்திக்கும் குடல், ஒவ்வாமைக்கு மந்தமாகிறது என்றால் தடுப்பு மருந்துக்கும் மந்தமாகிறது. சாக்கடை கலந்த குடிநீரை எவரும் பயிற்சி என்று அழைக்கக் கூடாது.

காட்பாடிவாசி:

அனைவருக்கும் நன்றி. இனி என் கணவரும் மாமியாரும் ஆளுக்குப் பாதி வெற்றி பெற்றதாகச் சொல்லிக்கொள்வார்கள். நேரடியாகவே கேட்டுவிடுகிறேன்: மகனைக் கோடையில் அனுப்பலாமா? அக்கா, கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுத்தால் இளைப்பு போகும் என்று யாரோ சொன்னதாகச் சொல்கிறார். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை நிறுத்தலாமா என்றும் ஓர் உறவினர் கேட்கிறார்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

பாலைப் பற்றி நான் சொல்கிறேன். காய்ச்சாத பண்ணைப் பால் குடித்த ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவாக இருந்ததாக ஆய்வுகள் உண்டு, உண்மைதான். ஆனால் பால் வழியே மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா நோயும் மாட்டுக் காசநோயும் நம் மந்தைகளில் இன்னும் இருக்கின்றன. விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு மூட்டு வலியால் அவதிப்பட்ட பால்காரர்களை நானே அறிவேன். நன்றாகப் பொங்கக் காய்ச்சியே கொடுங்கள், அம்மா.

நுண்ணுயிரியல் ஆசிரியை:

அனுப்பலாம், ஆனால் மருந்தாக எண்ணி அனுப்ப வேண்டாம். பண்ணைச் சூழலின் பாதுகாப்பு பெரும்பாலும் தாயின் கருவுற்ற காலத்திலும் குழந்தையின் முதல் ஓரிரு ஆண்டுகளிலும் கிடைப்பது. ஒவ்வாமை பதிந்துவிட்ட ஆறு வயதுப் பிள்ளையை இரண்டு மாதம் தொழுவத்தில் விடுவதால் அது அழியும் என்பதற்குச் சான்று இல்லை. அந்த ஐஸ்லாந்துக் குதிரையின் நிலையில்தான் உங்கள் மகன் இருக்கிறான். ஆயினும் கதவு முழுவதும் மூடிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். பின்லாந்தில் 3 முதல் 5 வயதுள்ள 75 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், சில காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டுத் தரையின் மண்ணையும் புல்லையும் பரப்பி விளையாட விட்டார்கள். 28 நாளில் அக்குழந்தைகளின் தோலில் நுண்ணுயிரி வகைகள் பெருகின, இரத்தத்தில் ஒழுங்குபடுத்தும் சமிக்ஞைகளும் கூடின. நோய் குறைந்ததா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை, ஆனால் ஐந்து வயதிலும் உடல் செவிசாய்க்கிறது என்று தெரிகிறது.

எனவே மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரை ஒரு நாளும் விடாமல், அவசரத்துக்கான இன்ஹேலரையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். வைக்கோல் போரிலிருந்தும் சாணி வறட்டி எரியும் அடுப்புப் புகையிலிருந்தும் விலக்கி வையுங்கள். மாட்டைத் தடவவும் வரப்பில் ஓடவும் தடை வேண்டாம். சாப்பிடும் முன் கையைக் கழுவட்டும்.

புழு மாத்திரையைப் பொறுத்தவரை, காபோன் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் குடற்புழுக்களை நீக்கியபோது தூசுப் பூச்சிக்கான தோல் சோதனையில் ஒவ்வாமை காட்டுவது கூடியது என்பது உண்மை. உறவினர் அதைத்தான் எங்கோ படித்திருப்பார். ஆனால் உங்கள் மகனுக்கு ஒவ்வாமை ஏற்கெனவே வந்துவிட்டது, இரத்தத்தைக் குடிக்கும் கொக்கிப்புழுவை வைத்திருந்து அதைப் போக்க முடியாது. பள்ளியில் கொடுக்கும் அல்பென்டசோல் மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். அக்காவின் பிள்ளைகளுக்கும் அப்படியே.